முழுசா சுரண்டிட்டுப் போடுங்க

பெயின்டர் தன் அக்காவுக்குக் கொடுக்க வேண்டியது பதினேழாயிரத்து முந்நூற்றைம்பது. வாங்கியது நாற்பதாயிரம். மூன்று வருஷத்தில் ஆயிரமும் ஐந்நூறும் சில்லறையுமாகக் கழிந்து மிச்சம் அவ்வளவு நின்றது. வட்டி கிடையாது. வட்டிக்குப் பதிலாக அக்காவின் வாய் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்து, டீயைக் குடித்து, பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "ஏண்டா, சுவரெல்லாம் ஊருக்கு அடிக்கிறே, உன் வீட்டுச் சுவரப் பாரு, சொறி பிடிச்ச நாய் மாதிரி" என்று சொல்லிவிட்டுப் போகும்.

அந்தப் பணத்தில்தான் எம்ப்ராய்டரி மிஷின் வாங்கினார்கள். கடையை மூடிய ஒருவர் மொத்தமாக விற்றது. மிஷின், அதோடு ஒரு நீல வயர், ஒரு பழைய லேப்டாப். லேப்டாப்பில் இருக்கும் பூவையும் எழுத்தையும் அந்த நீல வயர் வழியாக மிஷினுக்கு அனுப்பினால் ஊசி தானாகப் போட்டுவிடும். பென்டிரைவ் செருகுகிற வசதியெல்லாம் வருவதற்கு முந்தின காலத்து மிஷின். கரண்டு போனால் அதற்கு எல்லாம் மறந்துவிடும், மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

முன் அறையில் பாதியை அது பிடித்துக்கொண்டது. பெயின்டர் படுத்தால் கால் மிஷின் மேஜைக்கு அடியில்தான் போகும். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் முனகியதில்லை. மனைவி பதினோரு வருஷம் துணி ஃபாக்டரியில் நூல் வெட்டுகிற வேலையில் நின்றவள். காலை எட்டு மணிக்கு நின்றால் சாயங்காலம் ஆறு மணிவரை நிற்க வேண்டும். கெண்டைக்காலில் நரம்பு புடைத்து, கயிற்றைச் சுற்றி வைத்த மாதிரி கிடந்தது. மிஷின் வந்த பிறகுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் வீடு, தன் ஃபேன், தன் நாற்காலி. அந்த நாற்காலிக்கு அவள் தானே ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள்.

அந்த மாதம் மழை விடவில்லை. மழை பெய்தால் பெயின்டருக்கு வெளிச்சுவர் வேலை இல்லை. உள்சுவர் வேலை கிடைத்தாலும் காயாது. ஆறு நாளாக வீட்டில் உட்கார்ந்து பிரஷ்களைக் கழுவி, கழுவினதையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து மனைவியின் தாய்மாமா தவறிப்போனார். அவள் மூன்று நாளைக்குத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"வந்து நூத்தியெண்பது சட்டைப் பைக்கும் எழுத்துப் போடணும், வெள்ளிக்கிழமை யூனிஃபார்ம்காரரு வந்துடுவாரு" என்று சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டினாள். ஒரு ஆஸ்பத்திரிக் காவலாளிகளுக்கான சட்டை. "அந்த லேப்டாப்பு வேற தெறக்கறதுக்குள்ள உலை கொதிச்சிடும். எரிச்சலா வருது."

இந்தக் கடைசி வார்த்தையைப் பெயின்டர் பிடித்துக்கொண்டார். சும்மா இருக்கிற கைக்கு ஒரு வேலை அகப்பட்டது. அவள் வருவதற்குள் சரிசெய்து வைத்தால் முகம் மலரும் என்று நினைத்தார். தப்பாக நினைக்கவில்லை என்பதை அவருக்காகச் சொல்லத்தான் வேண்டும்.

பெயின்ட் வாங்கின பிளாஸ்டிக் பையில் லேப்டாப்பைச் சுற்றி, குடைக்குள் வைத்து, பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரருக்குச் சோடாபுட்டி என்று பேர். கண்ணாடி அத்தனை தடிமன். திறந்து பார்த்துவிட்டு, "அடேயப்பா, இது என் வயசு இருக்கும்போல. விண்டோஸப் புதுசாத்தான் போடணும். உள்ள இருக்கறத வச்சுக்கிட்டு மேலேயே போடவா, இல்ல மொத்தத்தையும் அழிச்சுட்டுப் போடவா? மேலேயே போட்டா ஓடும். ஆனா கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்" என்றார்.

பெயின்டருக்குச் சிரிப்பு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக வீட்டுக்காரர்கள் அவரிடம் கேட்கிற கேள்வி இதுதான். பழசு மேலேயே அடிச்சுடுங்களேன், செலவு கம்மி. அப்படி அடித்த சுவர் எதுவும் இரண்டு மழைக்கு நின்றதில்லை. தோல் உரிகிற மாதிரி உரிந்து தொங்கும், பேர் கெடுவது பெயின்டருக்கு. சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சாந்து தெரிகிறவரைக்கும் போனால்தான் புது நிறம் பிடிக்கும். அவர் தொழிலில் கற்றுக்கொண்ட முதல் நியாயம் அது.

"முழுசா சுரண்டிட்டுப் போடுங்க" என்றார்.

"உள்ள முக்கியமானது எதுவும் இல்லையே? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"டிசைன் எல்லாம் பென்டிரைவுல தனியா வச்சிருக்கா. எனக்குத் தெரியும்." மனைவியின் தொழிலில் தனக்கும் ஒன்று தெரியும் என்பதில் அவருக்குப் பெருமை.

அறுநூறு வாங்கிக்கொண்டு மறுநாள் கொடுத்தார். வீட்டில் திறந்து பார்த்தார். கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. திரை வெறுமையாக, நீலமாக, முதல் கோட் அடித்துக் காய்ந்த சுவர் போல இருந்தது. அதை அப்படியே திறந்து மேஜைமேல் வைத்துவிட்டு, துண்டால் மிஷினையும் துடைத்துவைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவள் நனைந்து வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே பார்த்தாள்.

"என்னங்க இது, படம் மாறியிருக்கு?"

"தொட்டுப் பாரு. பறக்குது."

அவள் உட்கார்ந்தாள். பென்டிரைவைச் செருகினாள், நீல வயரைச் செருகினாள், மிஷினைப் போட்டாள். வயரைப் பிடுங்கி மறுபடி செருகினாள். முனையை ஊதினாள்.

"மிஷின் இருக்கறதே இதுக்குத் தெரியலீங்க."

"தெரியாம எங்க போகும்? பக்கத்துலதான இருக்கு."

"பக்கத்துல இருந்தா தெரிஞ்சுடுமா?" என்று கேட்டாள். அப்போது அந்தக் கேள்வி அவருக்கு மிஷினைப் பற்றி மட்டும் என்றுதான் பட்டது.

மறுநாள் இருவருமாகக் கடைக்குப் போனார்கள். நெட்டும் வரவில்லை, சத்தமும் வரவில்லை என்பதை அங்கே வைத்துத்தான் கவனித்தார்கள். சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ஒவ்வொரு சாமானுக்கும் உள்ள ஒரு ஆளு இருக்கணும் தங்கச்சி. டிரைவருன்னு பேரு. நெட்டுக்கு ஒரு ஆளு, சத்தத்துக்கு ஒரு ஆளு, இந்த வயருக்கு ஒரு ஆளு. மொத்தமா அழிச்சதுல எல்லாரும் வெளிய போயிட்டாங்க. புதுசுல கொஞ்சப் பேருதான் கூடவே வருவாங்க. மத்தவங்களத் தேடிப் பிடிச்சு உக்கார வைக்கணும்."

"ப்ரைமர் மாதிரிங்களா?" என்றார் பெயின்டர். "சுவருக்கும் பெயின்டுக்கும் நடுவுல நிக்கறது."

"அப்படியே வச்சுக்குங்க. நீங்க ப்ரைமரையும் சேத்துச் சுரண்டச் சொல்லிட்டீங்க."

மனைவி மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். "நீங்களா சொன்னீங்க?"

அவர் கடைக் கண்ணாடிக்கு வெளியே மழையைப் பார்த்தார்.

நெட்டுக்கு ஆள் தேட நெட்டு வேண்டும், அந்த நெட்டோ வரவில்லை. சோடாபுட்டி தன் போனை வயரில் கோத்து அதன் வழியாகத் தேடினார். லேப்டாப்பைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த தாளில் நம்பரைப் பார்த்துப் படித்தார். மத்தியானத்துக்குள் நெட்டு வந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் சத்தமும் வந்தது. சத்தம் வந்தபோது லேப்டாப் டிங் என்றது, பெயின்டர் கை தட்டாத குறை.

நீல வயருக்கு நேரே மட்டும் ஒரு மஞ்சள் முக்கோணம் நின்றது.

அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் அந்த முக்கோணத்தோடு மல்லுக்கட்டினார்கள். பெயின்டர் எழுத்துப் படித்தது முப்பத்து நாலாவது வயதில், சாயங்கால வகுப்பில். தமிழை நிறுத்தி நிறுத்திப் படிப்பார். வயர்மேலும் மிஷின் தகட்டிலும் இருந்தது வேறு எழுத்து. அதைப் படம் வரைகிற மாதிரி, ஒரு கோடு பிசகாமல், பெயின்ட் கம்பெனி நிற அட்டையின் பின்பக்கம் வரைந்து கொண்டுவந்து கொடுத்தார். சோடாபுட்டி அதை அடித்துத் தேடினார். வந்த பக்கங்களில் பச்சைப் பட்டன் பத்து இருந்தால் ஒன்பது திருட்டுப் பட்டன். ஒன்றை அழுத்தினால் சூதாட்ட விளம்பரம். இன்னொன்றை அழுத்தினால், உங்கள் லேப்டாப்புக்கு நோய் வந்துவிட்டது, காசு கட்டு என்றது.

"நோயாளிக்கிட்டயே பிச்சை கேக்கறான் பாருங்க" என்றார் சோடாபுட்டி.

புதன்கிழமை ஒன்று அகப்பட்டது. மஞ்சள் முக்கோணம் மறைந்தது. மனைவி மூச்சு விட்டதை இரண்டு பேரும் கேட்டார்கள். ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய் மிஷினைக் கோத்தார்கள். முக்கோணம் மறுபடி வந்து உட்கார்ந்தது. சோடாபுட்டியே கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்த்தார். வயரை வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுக்குள்ள இருக்கற சில்லு போலி, தங்கச்சி. புது டிரைவரு கெட்டிக்காரன். நீ யாருடான்னு கேட்டு வாசல்லயே நிறுத்திடறான். பழைய டிரைவருதான் பாத்தும் பாக்காத மாதிரி உள்ள விட்டிருக்கான். அந்தப் பழையவன்தான் வேணும்."

"அவன் எங்க இருப்பான்?" என்றாள் அவள்.

"இதுக்குள்ள இருந்தான்" என்று லேப்டாப்பைத் தொட்டார் சோடாபுட்டி. சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டது. செருப்பைத் தேடினார்.

புது வயர் ஒன்று வாங்கிப் பார்த்தார்கள், அதன் வாய் மிஷினுக்குச் சேரவில்லை. மிஷினை விற்ற ஆளுக்குப் போன் போட்டார்கள். பெயின்டர்தான் பேசினார். போனை ஸ்பீக்கரில் வைத்திருந்தார்.

"அந்த டிரைவரு இருந்த சின்ன சி.டி.யா? கடையக் காலி பண்ணும்போது குப்பையோட போச்சு. அது எதுக்குங்க? எல்லாம் லேப்டாப்புக்குள்ளேயே போட்டுக் குடுத்தேனே."

"அது… அழிஞ்சு போச்சுங்க."

"தானா அழியாதே. யாரு அழிச்சது?"

"மழைங்க" என்றார் பெயின்டர். வாயில் வந்தது அதுதான்.

மனைவி அடுப்பில் உருளைக்கிழங்கை வதக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தினாள், பிறகு வதக்கினாள். போனை வைத்த பிறகு சோற்றையும் கிழங்கையும் தட்டில் வைத்து, அவர் முன்னால் தள்ளினாள்.

"நீங்க என்னக் கேட்டிருக்கலாம்."

"துக்க வீட்டுல இருக்கியேன்னுதான் கேக்கல."

"துக்க வீட்டுல இருக்கும்போது எத்தன தடவ போன் பண்ணீங்க? எண்ணெய் எங்க இருக்குன்னு கேட்டீங்க. சொன்னேன். தீப்பெட்டி எங்கன்னு கேட்டீங்க. மாமாவத் தூக்கற நேரம் அது. அப்பவும் எடுத்துச் சொன்னேன்."

அவர் சோற்றைப் பிசைந்தார்.

வெள்ளிக்கிழமை யூனிஃபார்ம்காரர் வந்தார். நனைந்த குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, உட்காராமலே பேசினார்.

"நேத்தே சொல்லியிருந்தா வேற எடத்துல குடுத்திருப்பேனேம்மா."

"இன்னைக்குக் காலைல வரைக்கும் வந்துடும்னு நெனச்சேங்க."

"நீ நெனச்ச. ஆஸ்பத்திரிக்காரன் நெனைப்பானா? எம் பொழப்பு நாறிடும்." துணிக்கட்டைத் தூக்கினார். மனைவி கூடவே குனிந்து, ஏற்கெனவே வெட்டி அடுக்கின பைத்துணிகளையும் தனியாக ஒரு உறையில் போட்டுக் கொடுத்தாள். எண்ணிக்கொள்ளச் சொன்னாள். அவர் படியிறங்கி, திரும்பி, கொஞ்சம் குரலைத் தணித்து, "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார். அடுத்த வருஷத்துக்கும் வேறு ஆள் வைத்துவிட்டார் என்பது அதற்கு அர்த்தம். சின்னச் சின்ன வேலை ஆயிரம் வந்தாலும் வருஷம் ஓடியது அவர் கொடுத்த வேலையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தது. அது கேன்டீன் சமையலறையில் பாத்திரக் கணக்குப் பார்க்கிறது. எதையும் எண்ணாமல் நம்பாது. இரண்டு பேர் முகத்தையும் எண்ணிப் பார்த்தது.

"யாரு செத்தா? உம் மாமா போயி எட்டு நாளாச்சே."

பெயின்டர் ஆரம்பத்திலிருந்து சொன்னார். எதையும் மறைக்கவில்லை. அக்கா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டது.

"சோறு வேகலன்னு பானைய ஒடச்சவன் கதையால்ல இருக்கு. ஏண்டா, அவ ஊசில நூல் கோக்கறதக்கூட உன்னக் கேட்டா செய்றா? நீ எதுக்குடா அவ பொட்டில கை வச்ச?"

"விடுங்க அண்ணி" என்றாள் மனைவி.

"நீ விடு விடுன்னு விட்டுத்தான் இவன் இப்படி." அக்கா டம்ளரைக் கீழே வைத்தது. அதன் பிறகு குரல் மாறியது. "நான் சண்டைக்கு வரல. நான் குடியிருக்கற வீட்டு ஓனரு எடத்த இடிக்கப் போறானாம். மாசக் கடைசிக்குள்ள வேற ரூமுக்கு முன்பணம் குடுக்கணும். மொத்தமும் வேணும்டா தம்பி. நானும் வேற எங்க போயி கேப்பேன், சொல்லு."

பெயின்டர் மனக்கணக்குப் போட்டார். மழை விட்டு, நாளைக்கே வேலை கிடைத்து, ஒரு நாளும் விடாமல் போனாலும் மாசக் கடைசிக்குள் பாதிகூடத் தேறாது.

"குடுத்துடறோம் அண்ணி" என்றாள் மனைவி. கணவன் பக்கம் திரும்பவேயில்லை. "மிஷினக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

அவருக்கு அது அப்போதுதான் தெரியும். தன்னைக் கேட்கவில்லையே என்று ஒரு நொடி நெஞ்சில் குத்தியது. அடுத்த நொடி, அதைக் கேட்கிற தகுதியை எங்கே தொலைத்தோம் என்பதும் தெரிந்துவிட்டது.

பழைய மிஷின் வாங்கி ஓட்டுகிறவர் ஒருவர் வியாழக்கிழமை வந்தார். முப்பது வயது இருக்கும். கலகலப்பான மனுஷன். முன்பணம் ஆயிரம் போனிலேயே அனுப்பியிருந்தார். மிஷின் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று தன் லேப்டாப்பையும் கொண்டுவந்திருந்தார். அதுவும் மூலை உடைந்த கிழம். நீல வயரை வாங்கி அதில் செருகினார்.

மிஷின் ஒரு தடவை சிலிர்த்தது. வளையம் நகர்ந்து நடுவுக்கு வந்து நின்றது. ஊசி இறங்கியது. ஒரு துண்டுத் துணியில் சின்ன இலை ஒன்று, காம்போடு, முப்பது எண்ணுவதற்குள் முளைத்துவிட்டது.

பெயின்டர் எழுந்து நின்றுவிட்டார். "எப்படிங்க?"

"எதுங்க எப்படி?"

"அந்த டிரைவரு. பழையவன். உங்ககிட்ட இருக்கா?"

"இதுவா? நானும் இதே மாதிரி மிஷின் ரெண்டு வச்சிருக்கேன்ல. எல்லாரும் இதான் வச்சிருப்பாங்க. வேணும்னா தர்றேன், பென்டிரைவு குடுங்க. ஒரு போட்டோ எடம்கூடப் பிடிக்காது."

நாலு நாள். நாலு பக்கம் ஓடி, இருந்த காசையும் ஆட்டோவுக்கும் வயருக்கும் கொடுத்துத் தேடியது, ஒரு போட்டோ அளவுகூட இல்லை. மிஷின்காரர்கள் யாரைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் கம்ப்யூட்டர்காரரை.

பெயின்டர் மனைவியைச் சமையல் பக்கம் கூப்பிட்டார். "முன்பணத்தத் திருப்பிக் குடுத்துடலாம். வண்டி வாடகையும் நான் குடுத்துடறேன். அக்காகிட்ட நான் கால்ல விழுந்தாவது தவணை கேக்கறேன்."

"யூனிஃபார்ம்காரரு காலுலயும் விழுவீங்களா?"

"விழறேன்."

அவள் சிரித்தாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. "வேணாங்க. வாக்குக் குடுத்தாச்சு. வேலையும் போயாச்சு." பாத்திரம் துடைக்கிற துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இது இங்க நின்னா, ஒவ்வொரு தடவ ஸ்விட்ச்சு போடும்போதும் எனக்கு அது ஞாபகம் வரும். உங்க மேல கோவமாவே ஒக்காந்து என்னால தைக்க முடியாது. மிஷின் போகட்டும்."

இதைவிடக் கத்தியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் அவள் மிஷினின் சங்கதிகளை வந்தவரிடம் சொல்லிக் கொடுத்தாள். ஈரக் காலத்தில் மூணாவது ஊசி நூலை அறுக்கும், அப்போது வேகத்தைக் குறைக்க வேண்டும். இடது பக்க மூடி இறுகினால் முறுக்கக் கூடாது, உள்ளங்கையால் ஒரு தட்டு. எண்ணெய் இரண்டு சொட்டு, மூன்று விட்டால் துணியில் இறங்கும். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பெயின்டரும் கேட்டார். மூன்று வருஷம் அதன் காலடியில் படுத்தவருக்கு இதில் ஒன்றுகூடத் தெரிந்திருக்கவில்லை.

மிஷின் கனம். பெயின்டரும் ஒரு பக்கம் பிடித்தார். படியில் இறக்கும்போது விரல் நசுங்கியது, விடவில்லை. நாற்காலியை வாங்க வந்தவர் கேட்கவில்லை, அதனால் அது நின்றது.

மொத்தம் பத்தொன்பதாயிரம். அக்கா சாயங்காலம் வேலை முடிந்து நேரே வந்தது. காலியான இடத்தைப் பார்த்தது, வழக்கமாகச் சொல்கிற எதையும் சொல்லவில்லை. மனைவி பணத்தைக் கொடுத்தாள். அக்கா எச்சில் தொட்டு எண்ணிவிட்டு, ஒரு ஐந்நூறை எடுத்துத் தரையில் வைத்தது.

"இது இருக்கட்டும் உங்கிட்ட."

"வேணாம் அண்ணி. முழுசா எடுத்துக்குங்க. பாக்கி வைக்க வேணாம்."

"பாக்கி இல்லடி, நான் குடுக்கறது."

"மிச்சம் எங்கிட்ட இருக்கு. ஒரு ஜோடி காலுறை வாங்கணும், முட்டி வரைக்கும் இறுக்கிப் பிடிக்குமே, அது. திங்கக்கெழமை ஃபாக்டரிக்குப் போறேன்."

"நிக்கற வேலையா?"

"அங்க வேற என்ன வேலை இருக்கு அண்ணி?"

அக்கா அந்த ஐந்நூறை எடுத்து மற்றதோடு சேர்த்தது. மறுபடி ஒரு தடவை எண்ணியது. "சரியா இருக்கு" என்றது, ஏதோ தப்பு செய்தவள் மாதிரி. பிறகு பர்ஸின் உள் அறையிலிருந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்துத் தம்பியிடம் நீட்டியது. "நீயே கிழிச்சுடு."

பெயின்டர் பிரித்தார். கடன் வாங்கிய அன்றைக்கு அவர் எழுதிக் கொடுத்தது. சாயங்கால வகுப்புக்கு வெளியே அவர் தன் கையால் எழுதின முதல் காகிதம். 'அக்காவிடம் என் மனைவியின் மிஷினுக்காக வாங்கியது' என்று கோணல் எழுத்தில் இருந்தது. என் மனைவியின் என்பதை மட்டும் பெரிதாக எழுதியிருந்தார். ஒவ்வொரு எழுத்தாக, நிறுத்தி நிறுத்தி, கடைசிவரை படித்தார். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

பிறகு கிழித்தார். சத்தம் வரவில்லை. மூன்று வருஷ மடிப்பில் அது ஏற்கெனவே விட்டுப்போயிருந்தது.